பூக்கட்டிப் பார்த்து ஒரு கல்யாணத்தை நிறுத்தினேன், செய்தது சரியா?

பென்னாகரம் வாத்தியார்
ஜூன் 14, இரவு 9.20

நான் கோவிலுக்குப் போகிறவன் அல்லன். இங்கே என்னோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அது தெரியும். அப்படிப்பட்டவன் போன வெள்ளிக்கிழமை ஒரு மாரியம்மன் கோவில் வாசலில் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நின்றேன்.

எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பு முடித்த பெண். வயது பதினாறு. ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை சொந்தத் தாய்மாமன், பெங்களூரில் கட்டட மேஸ்திரி, இருபத்தொன்பது வயது. பாட்டி படுத்த படுக்கை, கண் மூடுவதற்குள் பார்க்க வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று ஜோசியர் சொன்னது: இந்த ஆவணியை விட்டால் மூன்று ஆண்டுக்குக் குரு பலன் இல்லை, மீறிச் செய்தால் மாமனுக்கு ஆகாது.

பெண்ணின் அப்பாவிடம் சட்டத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், மோர் கொடுத்தார். பிறகு, "சட்டம் கவர்ன்மெண்டுக்கு, சாஸ்திரம் குடும்பத்துக்கு வாத்தியாரே" என்றார். அந்தப் பெண் உள்ளே அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு முறைகூட நிமிரவில்லை.

குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்திருக்கலாமே என்பீர்கள். போன ஆண்டு இன்னொரு பெண்ணுக்காகச் செய்தோம். அதிகாரிகள் வந்தார்கள், உறுதிமொழிக் கடிதம் எழுதி வாங்கினார்கள், போனார்கள். எட்டாம் நாள் இரவு குடும்பமே ஒரு வேனில் ஏறி, எல்லை தாண்டிப் போய், யாருக்கும் தெரியாத ஒரு கோவிலில் தாலி கட்டி முடித்துவிட்டது. அந்தப் பெண் இப்போது கைக்குழந்தையோடு இருக்கிறாள்.

ஆகவே இந்த முறை ஊர்ப் பூசாரியிடம் போனேன். பூக்கட்டிப் பார்க்கலாம் என்று அவர்தான் சொன்னார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் உத்தரவு இல்லை. வாழையிலைத் துண்டில் இரண்டு பொட்டலம். அம்மன் காலடியில் வைத்துச் சூடம் காட்டி, ஐந்து வயதுக் குழந்தை ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். பிரித்தால் செவ்வரளி. பெண்ணின் அப்பா அங்கேயே சாஷ்டாங்கமாக விழுந்தார். பதினெட்டு முடியும்வரை பேச்சே எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்.

எடுக்காமல் கிடந்த பொட்டலத்திலும் செவ்வரளிதான். எனக்கு முன்பே தெரியும்.

பொது விஷயத்தில் "சாமி சொன்னது" என்பது வாதமே ஆகாது என்று இதே தளத்தில் ஆறு ஆண்டுகளாக எழுதிவருகிறேன். இப்போது நான் செய்தது என்ன? திட்டுவதானாலும் திட்டுங்கள். மூன்று நாளாகத் தூக்கம் சரியில்லை.

---

ஓசூர் ஷிப்டு
ஜூன் 14, இரவு 10.05

திட்டத்தான் போகிறேன் ஐயா. ஒரு பெண்ணைக் காப்பாற்றினீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அந்த ஊரில் இருநூறு பேருக்கு ஒரு பாடம் நடத்திவிட்டு வந்திருக்கிறீர்கள்: கல்யாண வயதைத் தீர்மானிப்பது அரளிப்பூ. நாளைக்கு அதே பொட்டலத்தில் இரண்டும் வெள்ளையாக இருந்தால் எந்த முகத்தோடு போய்க் கேட்பீர்கள்?

---

தொப்பூர் கணவாய்
ஜூன் 15, காலை 6.40

ஷிப்டு தம்பிக்கு வேறு கோபம், எனக்கு வேறு கோபம். நான் நம்புகிறவன். பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டில் விளையாட்டு அல்ல. நிலம் வாங்கும்போதும் என் தங்கைக்கு அறுவைச் சிகிச்சை செய்யும்போதும் கேட்டிருக்கிறோம். வாத்தியாரும் பூசாரியும் சேர்ந்து அம்மன் வாயில் தங்கள் சொல்லை வைத்திருக்கிறார்கள். சீட்டாட்டத்தில் செய்தாலே ஊரில் உதைப்பார்கள்.

இன்னொன்று. மதத்தை வைத்து நியாயம் பேசக்கூடாது என்று எப்போதும் சொல்கிறீர்கள். உங்கள் பதினெட்டு எங்கிருந்து வந்தது? 1891-ல் வெள்ளைக்காரன் போட்ட சம்மத வயதுச் சட்டத்தில் பன்னிரண்டு, 1929-ல் பதினான்கு, 1978-ல்தான் பதினெட்டு. எல்லா மனிதரும் சமம் என்கிறீர்களே, அதை எந்த ஆய்வகத்தில் சோதித்தீர்கள்? நீங்களும் நம்பித்தான் பேசுகிறீர்கள். என் நம்பிக்கைக்குக் கோவில் இருக்கிறது, உங்களுடையதற்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா என்ன செய்தார்? எல்லாச் சாதியும் நுழையும்படி பாரத மாதாவுக்குக் கோவில் கட்ட வேண்டும் என்று 1923-ல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸை அழைத்து அடிக்கல் நாட்டினார். 1925-ல் அங்கேயே உயிரை விட்டார். சமத்துவம் பேச அவருக்குச் சாமி தேவைப்பட்டது. அது வாதமே ஆகாதா?

---

அரூர் செவிலி
ஜூன் 15, மதியம் 2.15

நான் கிராம சுகாதார செவிலியராக இருபத்தாறு ஆண்டு வேலை பார்த்தவள். ஆண்கள் நீங்கள் தத்துவம் பேசுங்கள், நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

இந்த மாவட்டத்தில் பெண் குழந்தை பிறந்த வீட்டுக்கு மூன்றாம் நாள் போகவே, குழந்தையைக் கொன்றிருப்பார்களோ என்று பயமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்டவர்களில் ஆயிரம் ஆண் குழந்தைக்கு எத்தனை பெண் என்று எண்ணியபோது நம் மாவட்டம் 900-ஐக்கூடத் தொடவில்லை. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விடச் சொல்லி 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் இங்கும் வந்தது. தொட்டில் வந்தது, வழக்கு வந்தது, போலீஸ் வந்தது. ஆனாலும் குழந்தையின் பாட்டியோடு தனியாகப் பேச வேண்டியவள் நான்தானே.

அந்தப் பாட்டியிடம் இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவைச் சொல்லிப் பார்த்தேன். "ஜெயிலில் சோறாவது போடுவார்கள்" என்றாள் ஒருத்தி. "பெண் பாவம் ஏழு தலைமுறைக்கு விடாது அத்தை, இருக்கிற பேரனை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்ன அன்று அவள் கை நடுங்கியதைப் பார்த்தேன். சுருட்டி வைத்திருந்த துணியைத் தூக்கி என் மடியில் போட்டாள். உள்ளே குழந்தை இருந்தது. உடம்பு சுட்டது, ஆனால் உயிர் இருந்தது. அந்தக் குழந்தைக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

பாவம் புண்ணியத்தில் எனக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்காதீர்கள். அன்று நான் அதை யோசிக்கவில்லை. வாத்தியாரே, போய்த் தூங்குங்கள்.

---

கச்சேரிமேடு
ஜூன் 15, இரவு 8.50

வக்கீல் தொழில், ஆகவே கொஞ்சம் வறட்டுத்தனமாக இருக்கும்.

வாத்தியார் சட்டத்தை அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்படி நடந்துவிட்ட கல்யாணம் தானாகச் செல்லாமல் போவதில்லை. சிறுவயதில் மணந்தவர் கேட்டால்தான் ரத்தாகும். ஆனால் முன்கூட்டியே 13-ஆம் பிரிவில் நீதித்துறை நடுவரிடம் தடையுத்தரவு வாங்கிவிட்டால், அதை மீறிக் கட்டும் தாலி 14-ஆம் பிரிவின்படி தொடக்கத்திலிருந்தே செல்லாது. எல்லை தாண்டினாலும் செல்லாது. உறுதிமொழிக் கடிதத்தோடு நின்றதுதான் போன ஆண்டு நடந்த தவறு. இன்னும் ஒன்று: நடத்திவைப்பவருக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். பூசாரி அம்மனுக்குப் பயந்தாரா, இதற்குப் பயந்தாரா என்று விசாரித்துப் பாருங்கள்.

கணவாய் ஐயா கேட்டது நல்ல கேள்வி. வயது மாறியது உண்மை. 1891-லும் 1929-லும் எதிர்த்தவர்கள் சாஸ்திரத்தைத்தான் காட்டினார்கள், ருதுவாகும் முன் கட்டிக்கொடுக்காத தகப்பனுக்குப் பாவம் என்று. 1891-ல் ஆதரித்த சமஸ்கிருத அறிஞர் பண்டார்கரும் சாஸ்திரத்தைத்தான் காட்டினார். இரண்டு பக்கமும் ஏட்டைப் புரட்டிக்கொண்டிருக்க, 1889-ல் கல்கத்தாவில் முப்பத்தைந்து வயதுக் கணவனிடம் பதினொரு வயதுப் பூல்மணி செத்துப்போனாள். சட்டத்தை நகர்த்தியது அந்தச் சாவு. எண் மாறியது மனம்போன போக்கில் அல்ல ஐயா.

நம் அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவும் மத சுதந்திரத்தைப் பொது ஒழுங்கு, ஒழுக்கம், நலவாழ்வு ஆகியவற்றுக்கு உட்பட்டதாகத்தான் தருகிறது. ஆனால் நீதிமன்றமும் கை சுத்தம் என்று சொல்ல மாட்டேன். 1954-ல் சிரூர் மடம் வழக்கிலிருந்து எது மதத்துக்கு இன்றியமையாதது என்று நீதிபதிகளே சொல்லத் தொடங்கினார்கள். எங்கள் ஆட்களும் கறுப்பு அங்கி போட்ட பூசாரிகள்தான் என்று சில நாள் தோன்றும். 2018 சபரிமலைத் தீர்ப்பில் ஐந்து பேரில் மாற்றுத் தீர்ப்பு எழுதியவர் அமர்விலிருந்த ஒரே பெண் நீதிபதி என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் யார் எந்தப் பக்கம் நிற்பார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

---

ஓசூர் ஷிப்டு
ஜூன் 15, இரவு 11.30

இரவு ஷிப்டு இடைவேளை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

செவிலி அக்கா சொன்னதைப் படித்துவிட்டுப் பத்து நிமிடம் ஒன்றும் எழுத வரவில்லை. அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

ஆனால் வாத்தியாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். வங்காளத்து வித்யாசாகர் விதவை மறுமணத்துக்காகப் பராசர ஸ்மிருதியைத் தேடி எடுத்தார், 1856-ல் சட்டமும் வந்தது. அவர் தான் காட்டிய சுலோகத்தை ஒளிக்கவில்லை. அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்தார். எதிராளி அதைப் படித்துவிட்டு, "இதற்கு இந்தப் பொருள் இல்லை" என்று மறுக்க முடிந்தது. மறுக்கவும் செய்தார்கள், ஆதரவு மனுவைவிட எதிர்ப்பு மனுவில்தான் கையெழுத்து அதிகம். பொட்டலத்தை யார் மறுக்க முடியும்? அந்தப் பெண்ணின் அப்பாவுக்குப் பதில் சொல்லும் வாய்ப்பே தரப்படவில்லை. பெரியார் திட்டினார், ஆனால் ஏமாற்றவில்லை. சாமி இல்லை, சடங்கு இல்லை, வந்து கட்டிக்கொள்ளுங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்தச் சுயமரியாதைக் கல்யாணம் சட்டமாக 1968 வரை காத்திருந்தது. காத்திருந்தார்கள் அல்லவா?

---

அரூர் செவிலி
ஜூன் 16, காலை 5.55

தம்பி, சட்டம் காத்திருக்கலாம். ஆவணி காத்திருக்காது.

---

பழையபேட்டை
ஜூன் 16, காலை 11.10

கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் இந்தக் கதை வேறு உடையில் நடக்கிறது.

மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது. குர்ஆனில் இருக்கிறது, சந்தேகமே இல்லை. வரதட்சணை எங்கள் மார்க்கத்தில் எங்கும் இல்லை. ஆனால் என் அக்காவுக்கு மஹர் ஐந்தாயிரத்து ஒன்று என்று மைக்கில் அறிவித்தார்கள். பைக்கும் பதினைந்து பவுனும் பின்வாசல் வழியாகப் போயின. அப்பா மாந்தோப்பின் மூன்று ஆண்டுக் காயை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டு வாங்கிய பணம் அது. நிக்காஹ் நடத்திய பெரியவருக்கும் தெரியும். சபையில் எல்லோருக்கும் தெரியும்.

பிறகு எங்கள் வட்டாரத்திலேயே ஒரு ஜமாத்தில் இளைஞர்கள் கிளம்பி, வரதட்சணை வாங்கினால் நிக்காஹ் பதிவேட்டில் எழுத மாட்டோம் என்று முடிவு எடுத்தார்கள். அவர்கள் காட்டியதும் அதே வசனம்தான். பலித்தது, எல்லா வீட்டிலும் அல்ல, ஆனாலும் பலித்தது. சட்டம் 1961-லிருந்து இருக்கிறது. அதைக் காட்டி ஒரு கல்யாணமாவது நின்று நான் பார்த்ததில்லை.

ஆகவே மதத்தை வைத்துப் பேசுவது தவறு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் வசனத்தைக் காட்டுகிறவனிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உனக்குச் செலவு வைக்கும் வசனத்தையும் சேர்த்துக் காட்டுவாயா? அந்த ஜமாத்து இளைஞர்களில் நான்கு பேர் தாங்கள் வாங்கியதை முதலில் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்து பேசினார்கள். அவர்கள் சொன்னால் நான் கேட்பேன்.

---

கோவிலூர் மணி
ஜூன் 16, மாலை 4.30

எங்கள் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் பெண்ணுக்குக் குறைந்த வயது என்ன தெரியுமா? பதினான்கு. ஆணுக்குப் பதினாறு. 1983 தொகுப்பிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பங்கில் பதினெட்டு முடியாமல் ஓலை வாசிக்க, அதாவது கோவிலில் கல்யாண அறிவிப்புச் செய்ய, மாட்டார்கள். பாதர் முதலில் கேட்பது பிறப்புச் சான்றிதழ், பிறகுதான் ஞானஸ்நானச் சான்றிதழ். மதம் சட்டத்திடம் கற்றுக்கொண்ட இடமும் உண்டு என்பதற்காகச் சொன்னேன். வேறொன்றுமில்லை.

---

படுகளம்
ஜூன் 17, இரவு 1.05

கூத்து முடிந்து வந்து முகத்து அரிதாரம்கூடச் சரியாகப் போகாமல் எழுதுகிறேன்.

அப்பா காலத்திலிருந்து எங்கள் ஜமா (கூத்துக் குழு) பாரதக் கூத்து ஆடுகிறது. திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் மண்ணால் செய்த துரியோதனன் படுகளம், மாலையில் தீமிதி. நான் இருபத்திரண்டு ஆண்டாகத் துகில் உரியும் இரவில் திரௌபதி வேஷம் கட்டுகிறேன். அன்று ஊரே விரதம்.

அன்று திரௌபதி கேட்பது என்ன? "தன்னைத் தோற்ற பிறகு என்னைத் தோற்றாரா, என்னை வைத்து ஆடிய பிறகு தன்னைத் தோற்றாரா?" சபையில் இருப்பவர்கள் எல்லோரும் தர்மம் கரைத்துக் குடித்தவர்கள். பீஷ்மர் என்ன சொல்கிறார்? தர்மம் நுட்பமானது, என்னால் பதில் சொல்ல முடியவில்லை என்கிறார். எழுந்து பேசுகிறவன் துரியோதனனின் தம்பிகளில் ஒருவனான விகர்ணன் மட்டும்தான். அவனையும், சின்னப் பையனுக்கு என்ன தெரியும் என்று கர்ணன் உட்காரவைத்துவிடுகிறான். பெரியவர்கள் ஏட்டை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வதுதான் அந்த இரவு முழுக்க.

என் வேஷத்துக்கு முன்னால் கீழே உட்கார்ந்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். மாமனாருக்கு முன்னால் நிமிர்ந்து நிற்காதவர்கள். நான் அந்தக் கேள்வியைப் பாடும்போது ஒருத்தி ஓவென்று அழுதுகொண்டு எழுந்து நின்று, "சொல்லுங்கடா" என்று கத்துவாள். போன ஆண்டு அப்படிக் கத்தியவள் அறுபது வயதுக்காரி. மறுநாள் காலை அவளே என் கையில் திருநீறு கொடுத்துவிட்டுப் பேத்தியின் ஜாதகத்தைக் காட்டினாள், பதினைந்து வயதுப் பேத்தி. நான் என்ன சொல்ல? "நேற்று இரவு எதற்கு அழுதாய் ஆயா?" என்று மட்டும் கேட்டேன். ஜாதகத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். என்ன ஆயிற்று என்று தெரியாது.

சின்ன வயதில் கட்டிக்கொடுக்கப் புராணத்தைக் காட்டுகிறவர்கள், திரௌபதிக்கு ஐந்து கணவர்கள் என்பதை ஒரு நாளும் காட்டுவதில்லை. அதுவும் அதே ஏடுதான்.

---

தொப்பூர் கணவாய்
ஜூன் 17, காலை 7.20

படுகளம் தம்பி சொன்னதில் பாதி என் பக்கம், பாதி எதிர்ப்பக்கம். இருந்தாலும் கும்பிடுகிறேன்.

இன்னொரு கோணமும் உண்டு. 2003 ஆகஸ்டில் கிடா வெட்டக்கூடாது என்று 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திடீரென்று தூசி தட்டி எடுத்தார்கள். எங்கள் முனியப்பனுக்கு அந்த ஆண்டு பூசணிக்காய்தான். தடையை ஆதரித்தவர்களும் கொல்லாமை, அருள் என்று மதத்தைத்தான் பேசினார்கள். "அவிசொரிந்து ஆயிரம் வேட்டலின்" என்று குறளும் வந்தது. எதிர்த்தவர்களும் சாமியைத்தான் பேசினார்கள். 2004-ல் சட்டமே ரத்தானது. பெரிய கோவில் சாமியின் பேச்சு ஒழுக்கமாகவும், சின்னக் கோவில் சாமியின் பேச்சு மூடநம்பிக்கையாகவும் தெரிந்ததுதான் எனக்குச் சுட்டது. யார் மதம் பேசினாலும் தவறு என்று ஷிப்டு தம்பி சொன்னால் அது ஒரு நேர்மை. தனக்குப் பிடித்ததைப் பேசும்போது மட்டும் பண்பாடு என்றால் ஒப்ப மாட்டேன். எருது விடுகிற விழாவுக்கு அவர் பனியன் போட்டுக்கொண்டு போன படத்தைப் பார்த்தேன்.

---

ஓசூர் ஷிப்டு
ஜூன் 17, காலை 7.45

எருது விடுவது வேறு ஐயா.

---

தொப்பூர் கணவாய்
ஜூன் 17, காலை 7.46

எப்படி வேறு?

---

ஓசூர் ஷிப்டு
ஜூன் 17, மாலை 6.30

காலையிலிருந்து யோசித்தேன். முழுதாக வேறு என்று சொல்ல முடியவில்லை. எழுதிவைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு நாள் பேசலாம்.

---

கச்சேரிமேடு
ஜூன் 17, இரவு 9.15

சின்னக் குறிப்பு. தொரப்பள்ளிக்காரரான ராஜாஜி 1937 அக்டோபர் 1-ல் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதற்குள்தான். குடி பாவம் என்று மேடையில் பேசியவர், வருமானம் போனதும் 1939-ல் விற்பனை வரி போட்டு அதை ஈடுகட்டினார். பாவத்தையும் பேசினார், கணக்கையும் காட்டினார். கணக்கைக் கூட்டிக்கழித்துப் பார்த்து எவரும் எதிர்க்க முடிந்தது. ஷிப்டு தம்பி வித்யாசாகரைப் பற்றிச் சொன்னதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

---

பென்னாகரம் வாத்தியார்
ஜூன் 18, இரவு 10.40

எல்லோருக்கும் நன்றி. வக்கீல் ஐயா சொன்னபடி பூசாரியிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "இரண்டுக்கும்தான் பயந்தேன்" என்றார்.

எனக்கு ஆறுதலாக நான் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு குறள்: "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்." முப்பது ஆண்டு வகுப்பில் நடத்தியிருக்கிறேன். நடத்தும்போதெல்லாம் "நன்மை" என்ற சொல்லில்தான் நின்றேன். நேற்று இரவு படித்தபோது "புரைதீர்ந்த" என்பதில் போய் மாட்டிக்கொண்டேன். குற்றம் துளியும் ஒட்டாத நன்மை. அது வந்ததா என்று தெரிய எவ்வளவு நாள் ஆகும்?

---

நெறியாளர்
ஆகஸ்ட் 30

இரண்டு மாதமாகப் புதிய பதிவு இல்லை. பூட்டலாமா?

பென்னாகரம் வாத்தியார்
ஆகஸ்ட் 30

வேண்டாம். ஆவணி நடக்கிறது. கல்யாணம் நடக்கவில்லை. பாட்டி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள்.

---

பென்னாகரம் வாத்தியார்
மே 13, இரவு 8.10

இந்த இழையை மீண்டும் திறக்க வேண்டியதாகிவிட்டது.

அந்தப் பெண் பிளஸ் டூவில் 600-க்கு 487 எடுத்திருக்கிறாள். தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் தாவரவியல் படிக்க ஆசை. அரசுப் பள்ளியில் படித்தவள், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும். நானே விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதாக இருந்தேன்.

நேற்று அவளுடைய மாமன் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான். கல்லூரிக்கு அனுப்பலாமா என்று அம்மனிடமே கேட்டுவிடலாம் என்றானாம். போன முறை அம்மன் சொன்னதைக் கேட்டு ஓர் ஆண்டு காத்திருந்தவன் அவன். அவன் அப்படிக் கேட்பதில் அந்த வீட்டில் யாருக்கும் குறை தெரியவில்லை. பூக்கட்டிப் பார்த்தார்கள். சிவப்பு.

அப்பா என்னிடம் மிகவும் பணிவாகச் சொன்னார்: "நீங்களே நின்று பார்த்தவர்தானே வாத்தியாரே. அவள் சொன்னால் சொன்னதுதான்."

என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பூ பொய் என்று சொன்னால் போன ஆண்டு நான் செய்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த ஆவணிக்கும் உத்தரவு இருந்திருக்கலாம் என்றாகிவிடும். பெண்ணுக்குப் பதினெட்டு முடிய இன்னும் ஏழு வாரம்.

---

ஓசூர் ஷிப்டு
மே 13, இரவு 8.25

நான் சொன்னேன் என்று சொல்லப் போவதில்லை ஐயா. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

---

கச்சேரிமேடு
மே 13, இரவு 8.40

ஏழு வாரம்தானே என்று விட்டுவிடாதீர்கள். தடையுத்தரவுக்கு மனு தயாராக வைத்திருக்கிறேன். மாவட்டச் சமூக நல அலுவலரிடம் நானே வருகிறேன். கல்லூரி விஷயத்துக்குத்தான் என்னிடம் எந்தப் பிரிவும் இல்லை.

---

தொப்பூர் கணவாய்
மே 13, இரவு 9.30

வாத்தியாரே, போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அம்மனுக்காகக் கேட்கிறேன். நான் கூட வருகிறேன். நம்புகிறவன் ஒருவன் பக்கத்தில் நின்று, "அம்மன் பெயரை எடுத்தது தவறு, ஆனால் படிக்கப்போகும் பெண்ணை எந்த அம்மனும் தடுக்க மாட்டாள்" என்று சொன்னால் கேட்பார்கள். நீங்கள் தனியாகச் சொன்னால் நாத்திகன் புலம்புகிறான் என்பார்கள்.

---

அரூர் செவிலி
மே 13, இரவு 9.50

அப்பாவிடம் வேண்டாம். முதலில் அம்மாவிடம் போங்கள். கதை முழுக்க அந்தப் பெண்ணின் அம்மா எங்கே? ஒரு பதிவில்கூட அவளைக் காணோம்.

---

பென்னாகரம் வாத்தியார்
மே 15, காலை 10.05

செவிலி அம்மா கேட்ட கேள்வி எனக்குச் சுருக்கென்றது. உண்மையிலேயே நான் அவரிடம் ஒரு முறைகூடப் பேசியதில்லை.

நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் போனேன். கணவாய் ஐயா தொப்பூரிலிருந்து வந்து டீக்கடையில் காத்திருந்தார். முதலில் நான் மட்டும் போகிறேன் என்றேன். அந்த அம்மா மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். கணவர் சந்தைக்குப் போயிருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பொட்டலமும் சிவப்பு என்று சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் கூடையைக் கீழே வைக்கவில்லை. "எனக்கு அன்றைக்கே தெரியும் வாத்தியாரே" என்றார். வேலிப் பக்கம் கையைக் காட்டினார். இரண்டு அரளிச் செடி, ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. கோவிலுக்குப் பூ அந்த வீட்டிலிருந்துதான் போகிறதாம். போன ஆண்டு அன்று காலை பூசாரியின் பேரன் வந்து சிவப்பை மட்டும் பறித்துக்கொண்டு போனான். வெள்ளைச் செடிப் பக்கமே திரும்பவில்லை. "நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் பதினைந்தில் கட்டி வைத்தார்கள்" என்றார்.

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அதற்குள் அவர் சொன்னார்: "இந்த முறை இரண்டும் பறித்துக்கொண்டு போனான். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நிகழ்தகவு பற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கணவாய் ஐயாவை அழைத்து வந்தேன். அவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து, வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "மூன்று முறை கேட்பதுதானே அம்மா முறை?" என்றார். அந்த அம்மா அவரையே பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை இன்னொரு முறை கேட்கச் சொல்கிறேன்" என்றார். "பூவை நானே பறித்து, நானே கட்டிக் கொடுக்கிறேன்." கிளம்பும்போது, "அவரிடம் நீங்கள் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கணவாய் ஐயாவிடம், "அந்த அம்மா என்ன பூ கட்டுவார் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

---

ஓசூர் ஷிப்டு
மே 15, காலை 10.20

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றைக்கு? வெள்ளிக்கிழமை வரை வைத்திருக்காதீர்கள். கட்டணம் நான் அனுப்புகிறேன்.

பென்னாகரம் வாத்தியார்
மே 15, காலை 10.24

நேற்று மாலையே போட்டாயிற்று தம்பி. அம்மாவின் கைப்பேசி எண்ணைத்தான் கொடுத்திருக்கிறேன்.

தொப்பூர் கணவாய்
மே 15, காலை 10.31

கட்டணம் நான் கட்டிவிட்டேன்.